வந்தவர்கள் இருபத்தேழு பேர்

பட்டியலின் முதல் வரிசையில் தங்கையின் பள்ளிக்கூடம் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஸ்கேல் இன்னொரு தடவை வகுத்துப் பார்த்தார். கல்வி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிற மனுஷருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. விதியை விட்டு இம்மியும் நகரமாட்டார். நாற்பது அரசுப் பள்ளிகளின் வருஷச் செலவை வாங்கி, பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, எந்தப் பள்ளி ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று வரிசைப்படுத்துவது அவர் வேலை. மற்ற பள்ளிகளெல்லாம் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று நிற்க, தங்கை தலைமை ஆசிரியையாக இருக்கும் பள்ளி மட்டும் இரண்டு லட்சம் காட்டியது. செலவு ஐம்பத்து நான்கு லட்சம். பிள்ளைகள் இருபத்தேழு. வகுத்ததில் தப்பே இல்லை. அதுதான் கொடுமை.

உண்மையில் அங்கே படிப்பது அறுபது பேர். தலை எண்ணும் நாளன்று பார்த்து ஊரெல்லாம் காய்ச்சல். அன்று காலையிலேயே தங்கை போன் செய்திருந்தாள்.

“அண்ணே, பாதிப் பேருக்கு மேல வரல. ரெஜிஸ்டர்ல அறுபது இருக்கு. நான் எதை எழுத?”

“படிவத்துல என்ன கேட்டிருக்கு? இன்னிக்கு வந்தவங்களத்தானே? அதை எழுது.”

“மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் ரெஜிஸ்டரப் பாத்துத்தான் எழுதுவாங்களாம்.”

“எழுதிட்டுப் போகட்டும். ஸ்கேலோட தங்கச்சி பொய்க்கணக்கு கொடுத்தான்னு நாளைக்கு எவனும் வாயைத் திறக்கக் கூடாது.”

போனை வைத்தபோது அவருக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. இப்போது அந்தப் பெருமையே வினையாக வந்து நின்றது. பட்டியல் இரண்டு நாள் அவர் மேசையிலேயே கிடந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினால் போதும், பெரிய வித்தையெல்லாம் வேண்டாம். ‘காய்ச்சலால் முப்பத்து மூன்று பேர் வரவில்லை.’ பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தங்கைக்காக வளைந்துகொடுத்தான் என்று பக்கத்து மேசைக்காரர் சிரிக்கிற சிரிப்பு காதிலேயே கேட்டது. மூன்றாம் நாள் குறிப்பில்லாமலே மேலே அனுப்பிவிட்டார். நாற்பது வரிசையில் ஒன்றை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

மேலே இருந்தவர்கள் அந்த ஒன்றை மட்டும்தான் பார்த்தார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு லட்சம் விழுங்கும் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமுள்ள பெரிய பள்ளியோடு சேர்க்க உத்தரவு வந்தது. அந்தச் சாலையில் லாரிகள் கண்மண் தெரியாமல் பறக்கும். பஸ்ஸும் கிடையாது. சின்னஞ்சிறுசுகளை அந்தச் சாலைக்கு அனுப்ப மாட்டோம், வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று பாதிப் பெற்றோர் சொல்லிவிட்டார்களாம். ஸ்கேல் வருகைப் பதிவேட்டின் நகலை எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்கு ஓடினார்.

அதிகாரி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “இப்ப வந்து சொல்றீரே, அனுப்புறப்ப எங்கய்யா போனீரு?”

“என் தப்புதான் சார். அறுபதுன்னு போட்டா தொண்ணூறாயிரம்தான் வரும்.”

“சரி, இதைத் திருத்தினா மத்த முப்பத்தொம்பதும் எப்படி எண்ணுனாங்கன்னு கேப்பாங்க. பதில் சொல்ல நீர் வருவீரா? போய் வேலையப் பாரும்.”

அடுத்த வாரம் பள்ளியின் சாமான்களைக் கணக்கெடுக்க அவரையே அனுப்பினார்கள். அதிகாரி வேண்டுமென்றே செய்தாரா என்று யோசிக்கவும் அவருக்குத் தெம்பில்லை. படிவத்தில் பெஞ்சு, அலமாரி, கரும்பலகை, தண்ணீர்த் தொட்டி என்று கட்டங்கள் இருந்தன. உள்ளே நுழைந்தால் பெஞ்சுகளெல்லாம் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, ஒருவரும் இருமக்கூட இல்லை. தங்கை வாசல் பக்கம் நின்றிருந்தாள். ராத்திரியெல்லாம் அழுத முகம்.

“எண்ணிக்கோ” என்றாள். பிறந்ததிலிருந்து அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், அன்று அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

அவர் எண்ணினார். எண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஒவ்வொரு தலையாகப் பார்வையை நகர்த்தி, உதடு முணுமுணுக்க, கடைசிவரை போனார். அறுபது. ஒரு தலை குறையவில்லை. கையிலிருந்த படிவத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அதில் பிள்ளைகளுக்குக் கட்டம் இல்லை.

வரிசையின் கடைசியில், முன்பல் விழுந்த ஒரு சிறுமி அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன்னைத் தாண்டிப் போய்விடுவாரோ என்று பயந்தவள்போல் ஓரடி முன்னால் வந்தாள்.

“அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் சார்” என்றாள். “இப்ப சரியாயிடுச்சு.”

சொல்லிவிட்டு, வேண்டுமானால் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நெற்றியை அவர் பக்கம் நிமிர்த்திக் காட்டி நின்றாள்.