லெட்சுமணன் என்றொரு விரிவுரையாளர்

2007இல் எங்கள் தனியார் பட்டக் கல்லூரிக்கு மாத்தளையில் ஒரு கட்டடமும் தம்புள்ளையில் ஒரு கிளையும் இருந்தன. முகாமைத்துவம் கற்பிக்க நிரந்தர விரிவுரையாளர் ஒரே ஒருவர்தான். பெயர் செல்லச்சாமி. இரண்டு இடத்துக்கும் பஸ்ஸில் ஓடித் திரிவார். கிளைக்கு ஒருவர் தனியாக வேண்டும் என்பது எங்களுக்கு அங்கீகாரம் தந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் விதி. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கிளையைத் திறப்போம் என்று முதலாளி ஜுனைதீன் ஹாஜியாருக்குச் சொன்ன மகா புத்திசாலி நான்தான், பதிவாளர் முத்தலிப்.

அங்கீகாரத்தைப் புதுப்பிக்கப் பரிசோதகர்கள் இருவர் வந்தார்கள். காலையில் மாத்தளைக்கு ஓர் அம்மையார். பின்னேரம் தம்புள்ளைக்கு, சீகிரியா ஹோட்டலில் தங்கியிருந்த இன்னொருவர். நான் 'லெட்சுமணன்' என்று பெயர் அட்டை ஒன்று அச்சடித்துச் செல்லச்சாமியிடம் நீட்டினேன்.

"காலையில இங்க நீங்க நீங்கதான். பின்னேரம் அங்க லெட்சுமணன். ஒரு நாள் கூத்து, மாஸ்டர்."

"வழியில செக்கிங் இருக்கே சேர்."

"நம்ம வேன்லதானே போறீங்க. ஒண்ணும் ஆகாது."

அங்கீகாரம் போனால் நூற்றிருபது பிள்ளைகளின் படிப்பும் போகும் என்று சொல்லி அவரை மடக்கினேன். அது பொய்யில்லை. அதனால்தான் அவர் வாங்கிக்கொண்டார்.

காலைப் பரிசோதனை நன்றாகவே முடிந்தது. அம்மையார் செல்லச்சாமியோடு தேநீர் குடித்துச் சிரித்துப் பேசினார். செல்லச்சாமி வேனில் கிளம்பி அரை மணி கழித்து, அம்மையாரைச் சீகிரியாவில் விட நான் காரில் கூடவே போனேன். நாவுல பக்கம் சோதனைச்சாவடியில் எங்கள் வேன் ஓரங்கட்டி நின்றது. செல்லச்சாமி வெயிலில் நின்றார். ஒரு பொலிஸ்காரரின் ஒரு கையில் அவருடைய அடையாள அட்டை, மறு கையில் நான் அச்சடித்த அட்டை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழனிடம் இரண்டு பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தோன்றாமல் போயிற்று.

எங்கள் காரைக் கண்டதும் செல்லச்சாமி கையை உயர்த்தினார்.

காலையில் தேநீர் குடித்தவர்தானே அவர் என்று அம்மையார் கேட்டார். "இல்லை, வேறு யாரோ" என்றேன். வெள்ளைக்காரியைப் பார்த்துச் சாவடிக்காரர்கள் எங்களை மறிக்காமல் விட்டார்கள். தம்புள்ளைக்குப் போன் செய்து, லெட்சுமணனுக்குக் காய்ச்சல் என்று சொல்லவைத்தேன்.

மூன்றாம் நாள் செல்லச்சாமியின் மனைவி புஷ்பவதி வந்தார். "அவர பொலிஸ்ல அடைச்சு வச்சிருக்காங்க. இங்க வேல செய்யிறாருன்னு ஒரு கடிதம் குடுங்க சேர். அந்த அட்டைய யாரு குடுத்தாங்கன்னும் எழுதணுமாம்."

"முடிவு வரட்டும் முத்தலிப். இப்ப எழுதினா காலேஜ மூடணும்" என்றார் ஹாஜியார்.

பழியை அவர்மேல் போட மாட்டேன். பேனா என் கையில்தான் இருந்தது. பன்னிரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அங்கீகாரம் வந்த அன்றே எழுதினேன், அவரும் வெளியே வந்தார். கல்லூரி இன்றும் நடக்கிறது. கிளைக்குக் கிளை தனி விரிவுரையாளர்கள், எல்லாம் விதிப்படி.

செல்லச்சாமி தன் புத்தகங்களை எடுக்க மட்டும் ஒரு நாள் வந்தார். இளைத்துப்போயிருந்தார். இடது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை.

"அன்னைக்கு அந்தக் கார்ல நீங்க இருந்தீங்க. என்னப் பாத்தீங்கதானே சேர்?"

"கவனிக்கல்லயே மாஸ்டர்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, வலது கையால் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். நான் எழுந்து உதவக்கூட இல்லை.