குணவதி வளர்த்த மூன்று புஷ்கள்

மேலமுனைத் துறையில், தண்ணீருக்கடியில் போகிற எந்தச் சாமானையும் முதலில் படகுக்காரர் வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும். வீட்டில் அளவு மாறாதது கடலிலும் மாறாது. அதனால் வீட்டுக்குள் யார் வந்தாலும், எது வந்தாலும், நிலைக்காலில் அளவை ஆணியால் கீறிவிடுவார்கள்.

மாசிலாமணியின் படகில், தண்ணீருக்கடியில் சுற்றும் விசிறித் தண்டைத் தாங்கும் வளையம் தேய்ந்துபோயிருந்தது. அதைப் புஷ் என்பார்கள். பித்தளையை உப்பு தின்றுவிடும் என்று சொல்லி, மெக்கானிக் பக்கிரிசாமி மூன்று புஷ்களைக் கொண்டுவந்து மாசிலாமணியின் மனைவி குணவதியின் மடியில் போட்டார். ஒன்று நைலான், ஒன்று ரப்பர், ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் ஒன்றாவது தேற வேண்டும். தேறாவிட்டால் படகு கடலேறாது, உலையும் ஏறாது.

குணவதிக்கு ஏற்கெனவே கைக்குழந்தை. கண்மூடித் தூங்கியது எப்போது என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது. இப்போது நாலு பிள்ளைக்காரி. நைலான் தண்ணி தண்ணி என்று அழும். கொடுத்தால் குடித்துக்கொண்டே இருக்கும். ரப்பர் டீசலுக்குத்தான் வாய் திறக்கும். கறுப்பு எதுவுமே கேட்காது. கேட்காத பிள்ளை மேல் இரக்கப்பட்டு, குளிருமே என்று அதை அடுப்போரம் படுக்க வைத்தாள்.

கடைசி நாள் பக்கிரிசாமி அளவு பார்க்கிற காலிப்பரோடு வந்தார். நைலான் தண்ணீரில் ஊதியிருந்தது. ரப்பர் எண்ணெயில் கொழகொழத்திருந்தது. கறுப்பு சூட்டில் புடைத்திருந்தது. மாசிலாமணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

குணவதி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அந்நிய ஆளிடம் அவள் பேசியதே இல்லை.

"என்னையும் ஒருதரம் அளந்து பாருங்கண்ணே."

பக்கிரிசாமி அளந்தார். கல்யாணத்தன்று நிலைக்காலில் கீறிய கோட்டோடு ஒப்பிட்டார்.

"தண்ணி, எண்ணெய், சூடு எல்லாத்துலயும் கெடந்திருக்கு. ஒரு நூல் ஏறல, எறங்கல. இதையே போட்ருவோம்பா."

புள்ளைய யார் பார்ப்பது, சோறு யார் ஆக்குவது என்று மாசிலாமணி கேட்டான். இது மூணும் சும்மாதானே கெடக்கு என்றார் பக்கிரிசாமி.

அன்றைக்கே மாட்டினார்கள். விசிறித் தண்டைக் கட்டிக்கொண்டு குணவதி தண்ணீருக்குள் இறங்கினாள். உள்ளே இருட்டாகவும் குளுமையாகவும் இருந்தது. இன்ஜின் ஓட ஓட, தூளியில் போட்டு ஆட்டுவதுபோல் இருந்தது. துறைமுகம் தாண்டும் முன்னே தூங்கிப்போனாள்.

வீட்டில் பிள்ளை அழுதால் நைலான் கண்ணீரைக் குடித்தது. ரப்பர் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது. கறுப்பு அடுப்பைப் பார்த்துக்கொண்டது.

மீன்பாடு நன்றாக இருந்தது. கரை தெரிந்ததும் மாசிலாமணி பலகையைத் தட்டி, வந்தாச்சு புள்ள என்றான். வெகுநேரம் கழித்துக் கீழிருந்து குரல் வந்தது.

"இன்னும் ஒரு நடை போயிட்டு வரலாங்க."

சரி என்று மீனை இறக்கிவிட்டுப் படகைத் திருப்பினான். கரையில் ரப்பர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையாட்டியது. பிள்ளை அதன் தோளில் சாய்ந்து, நைலானைப் போலவே கொஞ்சம் ஊதியிருந்தது.