இன்ஸ்பெக்டர் கடித்த இலை

தம்பியின் புது வீட்டுக்கென்று, பூக்கடை வைத்திருக்கும் அக்கா ஆசை ஆசையாகக் கொண்டுவந்த லில்லித் தொட்டியைப் பார்த்ததும் அவன் திடுக்கிட்டான். வீட்டுக்குள் வரும் எதையும் கடித்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளும் பூனை ‘இன்ஸ்பெக்டர்’, அதற்குள் தொட்டியை நோக்கி நடைபோட்டது. தம்பி பாய்ந்து போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டான்.

“அக்கா, லில்லி பூனைக்கு விஷம்!”

“போடா. இருபது வருஷமா விக்கிறேன், யாருக்கு என்ன ஆச்சு?”

“பூனைக்கு வித்தியா?”

அக்கா முறைத்துக்கொண்டே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். “மகரந்தத்தை நக்கினாலே கிட்னி போயிடும்மா” என்றார் அவர். அக்கா விறுவிறுவென்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கோபித்துக்கொண்டாள் என்றே தம்பி நினைத்தான்.

மறுநாள் காலையில் அரிக்கா பாம் என்ற அலங்காரப் பனைச் செடியோடு வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் உடனே ஓர் இலையின் நுனியைக் கடித்தது. தம்பி பதறினான்.

“மெல்லட்டும்டா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். என் ரசனை அதுக்காவது பிடிச்சிருக்கே!”

மாலையில் அவன் பூக்கடைப் பக்கம் போனான். லில்லி வாளியில் புதிதாக ஓர் அட்டை தொங்கியது: ‘வீட்டில் பூனை உண்டா? முதலில் சொல்லிவிடுங்கள்.’