காவ்ரில் கோட்டின் முழங்கை ஒட்டு

காவ்ரிலின் ஞாபகம் மொத்தமும் அவன் கோட்டின் இடது முழங்கைக்குள் போய்ச் சேர்ந்தது 1998 அக்டோபர் ஒன்பதாம் தேதி, காலை ஏழே காலுக்கு. அன்று சந்தையில் வெங்காயம் மலிவு.

நீஸ்த்ரு ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் யாரும் துணியைத் தூக்கி எறிவதில்லை. சாக்கோ சட்டையோ, கிழிந்தால் காவ்ரிலின் மனைவி சாம்ஃபிராவிடம் கொண்டுபோவார்கள். அன்று அவன் இத்தாலிக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்டான். கதவு ஆணியில் மாட்டிக் கோட்டின் முழங்கை கிழிந்தது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால் கழற்ற நேரமில்லை; அவன் போட்டபடியே இருக்க, சாம்ஃபிரா ஒட்டு வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். உடம்பில் கிடக்கும் துணியைத் தைத்தால் ஞாபகமும் சேர்ந்து தைபட்டுவிடும், பல்லில் ஒரு நூலைக் கடித்துக்கொண்டால் ஆபத்தில்லை என்பது அங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

"நூலைக் கடிச்சுக்கோ. ஆடாம நில்லு, மனுஷா."

கடித்துக்கொண்டான். ஆனால் நாலு வயது மகள் அனிகா காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, எனக்கு என்ன வாங்கிட்டு வருவே?" என்றாள். பிள்ளை கேட்டுப் பேசாமல் இருக்க அவனால் ஆகாது. நூலைத் துப்பிவிட்டு, "செவப்பு பூட்ஸு, செல்லம்" என்றான். அதற்குள் கடைசி முடிச்சு விழுந்துவிட்டது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க அக்கா" என்று சொல்லிப் பஸ் ஏறினான். கேலி செய்கிறான் என்று அவளும் சிரித்துக் கையசைத்தாள்.

கடிதமே வரவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் அனிகா நெஞ்சுச் சளியில் செத்துப்போனாள். கடைசிவரை பூட்ஸைக் கேட்டாள். ஏழாம் வருடம் காவ்ரில் வந்து நின்றான், ஒரு நரை இல்லாமல், சீட்டியடித்துக்கொண்டு. இடது கை எப்போதும் கிழக்கே இழுத்ததாம், அது இழுத்த வழியில் வந்தானாம்.

"ஒட்டைப் பிரிச்சு விடேன்டி. கட்டின புருஷனை வேலைக்காரனாட்டம் வெச்சிருக்கியே!" என்றாள் பக்கத்து வீட்டுப் பரஸ்கீவா.

"பிரிச்சா முதல்ல பிள்ளையத்தான் கேப்பாரு. நான் என்னத்தச் சொல்ல?"

அவன் கொட்டகையில் தங்கி, விறகு பிளந்து கொடுத்து, அவளை அக்கா என்றே கூப்பிட்டான். ஒரு வருடம் பொறுத்தாள். ஈஸ்டர் கழிந்த வாரம், ஊரே சோறும் ஒயினும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும் நாளில், தனியாக அழுதது போதும் என்று தோன்றிவிட்டது. கத்தரியை எடுத்து அவன் முழங்கை முடிச்சை வெட்டினாள்.

"சாம்ஃபிரா! பாப்பா எங்க?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மண்ணில் விழுந்து அழுதான். அனிகா போன பிறகு அவளோடு சேர்ந்து அழ அன்றுதான் ஒரு ஆள் கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் அவன் தலை முழுக்க நரைத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சாம்ஃபிரா ஊசியில் நூல் கோத்தாள்.

"ஆடாம நில்லு, மனுஷா."

"கடிக்க நூல் குடு."

"தீந்துபோச்சு" என்றாள்.

மறுநாள் காலை கறுத்த தலையோடு வந்து, "நல்ல கைங்க அக்கா உங்களுக்கு" என்றான். அவள் மாமாலிகா என்ற மக்காச்சோளக் களியைக் கிளறிப் போட்டாள். அதிலிருந்து வருடத்துக்கு ஒருநாள் பிரிக்கிறாள், ஒருநாள் அழுகிறார்கள், தைத்துவிடுகிறாள். முழங்கையில் இப்போது ஒட்டுமேல் ஒட்டாகப் பதினாறு. அவனுக்குப் புதுக் கோட்டு வாங்கும்படி அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை.