மெயின் சுவிட்சுக்கு அஞ்சாத பெட்டி

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஓர் எந்திரம் ஒரு விஷயத்தை மறந்துபோனது. அது மறந்ததை யாராவது எழுதிவைக்க வேண்டும். வீட்டில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். மற்ற இருவருக்கும் உருப்படியான வேலை இருக்கிறது.

தொடக்கத்தை எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்தேன். ‘மாலை வெயில் ஜன்னல் வழியே அந்தப் பெட்டியின் மீது’— வேண்டாம், பெட்டி நிற்கும் மூலையில் ஜன்னலே கிடையாது. ‘மனிதனுக்கும் எந்திரத்துக்கும் உள்ள உறவு என்பது’— இதைப் படித்துவிட்டு மகள் கொட்டாவி விட்டாள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் மனைவி லிஃப்ட் மெக்கானிக். மகள் கல்லூரியில் படிக்கிறாள். இருவரும் சேர்ந்து ஒரு பழைய அலமாரியை அறுத்து, ஆள் உயரத்துக்கு வீடியோ கேம் பெட்டி ஒன்று செய்தார்கள். முகப்பில் ஜாய்ஸ்டிக், பட்டன்கள். உள்ளே, ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர். மரவேலையும் வயரிங்கும் அம்மா. ஆபரேட்டிங் சிஸ்டம் மகள் பொறுப்பு. (என் பங்கு: பெயின்ட் அடித்தேன். அதன்மேல் மகள் மறுபடி அடித்தாள்.)

2

முதலில் அவள் போட்டது ஆபீஸ்களில் வைத்திருக்கும் பெரிய சிஸ்டம். கிழட்டுக் கம்ப்யூட்டர் அதைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கியது. ஆட்டம் வருவதற்குள் டீ ஆறிப்போகும். அடுத்து, லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தில் இலேசான ஒன்று. பறந்தது! மறுநாள் காலையில் கறுப்புத் திரை, கண்டமேனிக்கு எழுத்துகள்.

காரணம், என் மனைவி.*

* லிஃப்ட் வேலையில் மெயினை அணைக்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது. அப்படிக் கை வைத்த சக ஊழியர் ஒருவர் இன்று இடது கையால்தான் சாப்பிடுகிறார். அந்த விபத்தைக் கண்ணால் பார்த்தவள் என் மனைவி. அன்றிலிருந்து வீட்டிலும் எதையும் மெயினில்தான் அணைப்பாள். பெட்டியின் பக்கவாட்டிலும் தடியாக ஒரு மெயின் சுவிட்ச் வைத்துவிட்டாள்.

“அம்மா, முறையா ஷட் டவுன் பண்ணணும். இப்படிப் பட்டுனு நிறுத்தினா, எழுதிட்டு இருக்கிறது பாதியில நின்னு மொத்தமும் கெட்டுப்போகும்.”

“என் கை தானா மெயினுக்குப் போயிடுதுடீ.”

“கையை மாத்திக்கோம்மா.”

“இந்தக் கை இருக்கிறதே அந்தப் பழக்கத்தாலதான்.”

[முதல் வரைவில், இதற்கு மகள் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாள். “நான் எப்பப்பா சாத்தினேன்? நம்ம வீட்டுக் கதவு எது ஒழுங்கா சாத்துது?” என்றாள். வாஸ்தவம். அடித்துவிட்டேன்.]

உண்மையில் அவள் வேறு சிஸ்டம் தேடப் போனாள்.

3

கண்டுபிடித்தது ஒரு பென் டிரைவுக்குள் அடங்கும் குட்டி லினக்ஸ். தொடங்கும்போதே முழுசாக மெமரிக்குள் ஏறிக்கொண்டு அங்கிருந்தே ஓடும். டிரைவில் எதையும் எழுதாது. எப்போது கரண்டை நிறுத்தினாலும் அடுத்த முறை புதுசாக எழுந்துவரும். ஒரே குறை, எடுத்த ஸ்கோரும் மறந்துபோகும். அதற்காக, அம்மா கொண்டுவந்த பழைய சிவப்பு லிஃப்ட் பட்டன் ஒன்றை மகள் பொருத்தினாள். அதை அழுத்தி அரை நிமிடம் காத்திருந்தால் ஸ்கோரை எழுதிவைத்துவிட்டு அணையும்.

“நல்ல சிஸ்டம்னு எத்தனையோ சொன்னாங்கப்பா. நான் அம்மாவைத் தாங்குற சிஸ்டமா தேடினேன்.”

இந்த இடத்தில் என் பெருமையை அடக்கமாக எழுத முயன்று தோற்றுவிட்டேன். என் மகள்! அவ்வளவுதான்.

4

பெட்டி வந்ததிலிருந்து விண்கற்களைச் சுடும் ஆட்டத்தில் முதலிடம் என் மனைவிக்குத்தான்: 47,960. அந்த வரிசையில் அம்மாவுக்கு மேலே தன் பெயர் ஏற வேண்டும் என்று மகள் தவமாய்க் கிடந்தாள். ஞாயிறு மதியம் ஏறியது. 48,310. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் பெயரைப் பதிந்த அந்த நேரம் பார்த்துக் கருகல் வாடை. பெட்டியின் உச்சி விளக்குக்குப் போட்ட மலிவு அடாப்டர் புகைந்தது.

மனைவியின் கை மெயினுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

திரையைப் பார்த்தாள். சிவப்பு பட்டனைப் பார்த்தாள். “அணைச்சிடட்டுமாடீ?” என்றாள். மெயினை அணைக்க அவள் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

[இங்கே ஒரு முடிவு: பட்டனை அழுத்திவிட்டு மூவரும் மூச்சைப் பிடித்தபடி— கூடாது. என் மனைவி இருக்கும் வீட்டில் புகையை வைத்துக்கொண்டு அரை நிமிடம் யாரும் நிற்க மாட்டார்கள். இன்னொன்று: மனைவி தானே அணைத்துவிடுகிறாள்— அது பொய்.]

“இதைப் போய்க் கேப்பாங்களாம்மா?” என்று மகள் எட்டித் தானே மெயினை இறக்கினாள்.

5

அடாப்டரை மாற்றிவிட்டு மெயினைப் போட்டார்கள். ஒரு சின்ன முணுமுணுப்பும் இல்லாமல் சிஸ்டம் எழுந்து வந்தது. மகள் தேர்ந்தெடுத்தது சரியே. முதலிடத்தில் 47,960, அம்மா பெயர்.

இந்த வரைவை மனைவி படித்தாள். மகளின் 48,310ஐ அடித்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன்.

“நம்பரோட இருக்கட்டுங்க. நான் என் கண்ணால பார்த்தேன்ல. அவ என்னைவிட வேகமா மெயினை இறக்கினதையும் போடுங்க.” என்றாள்.

போட்டுவிட்டேன். ஆனால் முடிவு என்னிடம் இல்லை. அடுத்த அறையில் மகள் மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறாள். “இடது பக்கம் பாருடீ, இடது பக்கம்!” என்று தன் ஸ்கோரைத் தாண்ட அம்மாவே வழி சொல்கிறாள். நீங்கள் எந்த வரியில் நிறுத்தினாலும் இந்தக் கதை கெடாது, மீதியை நீங்களே ஆடிக்கொள்ளுங்கள். நான் முறைப்படி மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பதாக இருந்தேன், ஆனால் “அப்பா, ஓடி வாங்க!” என்று குரல் வருகிறது, நாற்பத்தேழாயிரத்தைத் தாண்டி