கூட இருந்தவள்

பேனாவைத் தான் பிடுங்கவில்லை என்றுதான் செயலாளர் பின்னாளில் சொல்லிக்கொண்டார். கையை நீட்டினார், டீச்சர் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அப்போது நின்றிருந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள்.

சனிக்கிழமை பகல் ஒரு மணி. அக்கா இறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. உடலை வாங்கிக்கொள்ள ஒரு படிவம் எழுத வேண்டியிருந்தது. டீச்சர் அதில் அக்காவின் வயது, ரத்த வகை, சாப்பிட்டுவந்த மாத்திரைகள் எல்லாவற்றையும் யாரையும் கேட்காமல் எழுதி முடித்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க இறந்தவங்களுக்கு என்ன வேணும்?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"கூட இருக்கிறவ. இருபத்தேழு வருஷமா."

"அது கட்டத்துல இல்லையேம்மா."

செயலாளர் அப்போதுதான் உள்ளே வந்தார். "நான் கூடப் பிறந்தவன்," என்று சொல்லிக் கையை நீட்டினார். கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு உடல் எங்கே போகும், எப்போது போகும், எந்த வாசல் வழியாகப் போகும் என்பதெல்லாம் அவர் பொறுப்பாகிவிட்டது. டீச்சர் மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பேனா அவளுடையது.

வார நாட்களில் அவருக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. ஆனால் பதினான்கு வருடமாகச் சபைக் கமிட்டியின் செயலாளராக இருந்ததில் அதுவே பெயராகிவிட்டது. வீட்டுக்கு ஃபோன் வந்தால் மனைவிகூட, "செயலாளர் வெளிய போயிருக்கார்," என்றுதான் சொல்வாள்.

அக்கா பல் செட் செய்பவள். மூன்று பல் டாக்டர்களுக்கு அவள்தான் அச்சுப் பார்த்து, அரைத்து, மெருகேற்றிக் கொடுப்பாள். "ஆராதனையில முன்வரிசையில சிரிக்கிற வாயில பாதி நான் பண்ணினது," என்பாள். டீச்சர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சபையில் கேட்டால் 'தோழி' என்று செயலாளர் சொல்வார், கேட்டவரும் மேலே கேட்க மாட்டார். இருபத்தேழு வருடம் அந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்கா கமிட்டிக்குக் கடிதம் எழுதி அந்தச் சொல்லை உடைத்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆலய மண்டபம் வேண்டும். பெண்ணோடு வாழும் பெண்ணுக்கும், ஆணோடு வாழும் ஆணுக்கும், ஆணென்று எழுதப்பட்டுப் பெண்ணாக வாழ்பவருக்கும் சபையில் இடம் உண்டா என்று கூடிப் பேச வேண்டும். சேர்ந்து ஜெபிக்க வேண்டும். இப்படிக்கு, உங்கள் சபையின் அங்கத்தினள்.

பதினொரு பேரும் கூடாது என்று கை தூக்கினார்கள். அதில் ஐந்து பேர் அவள் செய்துகொடுத்த பல்லாலேயே அவளைக் கடித்தார்கள். ஒருவர், இவர்களையெல்லாம் அங்கத்தினர் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்றார். செயலாளர் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மாலை, அக்கா மண்டப வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, சாவியக் குடு."

"கமிட்டி முடிவுக்கா. நான் என்ன பண்றது?"

"கமிட்டிக்கு வாயே நீதான். எனக்குத் தெரியாதா?"

"நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சியா?"

"அம்பது வருஷமா யோசிச்சாச்சு. அந்த நாலு பேர் யாருன்னுதான் தெரியல. நீயா அதுல ஒருத்தன்?"

அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. கூட்டத்தை ஒரு பர்னிச்சர் கடையின் மாடிக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கேதான், பேசிவிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலியிலேயே, அக்கா போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் போதகர் கூப்பிட்டார்.

"அடக்க ஆராதனைய நம்ம ஆலயத்துலயே வச்சுக்கலாம். ஆனா அந்தக் கூட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. அந்தம்மா குடும்ப வரிசையில உக்காரக்கூடாது. நீங்க எழுத்துல குடுத்துட்டீங்கன்னா நல்லது."

"குடுத்துடறேன்," என்றார் செயலாளர். போதகர் கேட்பதற்கு முன்பே அவர் அதை மனதுக்குள் எழுதி முடித்திருந்தார்.

ஞாயிறு காலை, உடலுக்குப் போட்டுவிடத் துணி வாங்க அக்கா வீட்டுக்குப் போனார். டீச்சர் கதவைத் திறந்தாள், நிலையை விட்டு நகரவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தாடி வைத்த ஒருவர் எழுந்தார்.

"உக்காருங்க," என்றாள் டீச்சர், திரும்பாமலே. "துணி வாங்க வந்திருக்கார்."

"நல்லதா ஒண்ணு குடுங்க. வெள்ளையா இருந்தா தேவலை."

"வெள்ளை அவ போட மாட்டா. நாள் பூரா பிளாஸ்டர் மாவுல கெடக்கறேன், வீட்டுக்குள்ள வெள்ளை வேணாம்னு சொல்லுவா. இந்த வீட்ல தலகாணி உறைகூட வெள்ளையில்ல."

"சரி, எதாவது குடுங்க. செருப்பு ஏழாம் நம்பர்தானே?"

"அஞ்சு."

அவள் உள்ளே போய், மடித்த துணி ஒன்றையும் ஒரு ஜோடி செருப்பையும் கொண்டுவந்து கொடுத்தாள். பச்சை. அவருக்குப் பொறுக்கவில்லை.

"உங்க கூட்டம்தான் எங்க அக்காவக் கொன்னுது. இதய நோயாளிய மாடி ஏத்தி, மைக்க குடுத்து..."

"மண்டபம் தரைத்தளம்தானே. நீங்க தொறந்து விட்டிருந்தா மாடி ஏறியிருக்க வேண்டாம்."

அவர் துணியையும் செருப்பையும் பைக்குள் திணித்தார். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை.

"பத்து நிமிஷம் பேசினா. என்ன பேசினான்னு கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"தேவையில்ல."

"சரி. வேணும்னா உங்க வீட்லயே கேட்டுக்கலாம். உங்க மனைவி முன்னாடிதான் உக்காந்திருந்தாங்க. அவ தண்ணி கேட்டப்ப எடுத்துக் குடுத்தது அவங்கதான். நான் அந்தப் பக்கம் மைக் ஒயரச் சுத்திட்டிருந்தேன்."

கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் பிசிறியது. அது அவர் காதில் ஏறவில்லை. முதல் பாதியிலேயே நின்றுவிட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை மனைவி தன் சித்தி மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் வீட்டுக்கு வந்தபோது அவருடைய கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொழந்த எப்படி இருக்கு?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள்.

"போகல."

"எத்தன நாளா இது?"

"அண்ணிதான் வரச் சொன்னாங்க. உங்களையுந்தான் கூப்பிட்டாங்க. நான் போனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?" அவள் கோட்டின் கையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "கடைசில என் கையத்தான் புடிச்சிருந்தாங்க. தம்பி வந்தானான்னு கேட்டாங்க. வந்துட்டிருக்கார் அண்ணின்னு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு என் பேர்ல பொய் சொன்ன?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். அன்று முழுவதும் சாப்பாடு வந்தது, தண்ணீர் வந்தது, அவள் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. துணிப்பையை அவர் வாசல் பெஞ்சிலேயே விட்டிருந்தார். அவள்தான் எடுத்துப்போய் அக்காவுக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

திங்கள் காலை பத்து மணிக்கு ஆராதனை. வாசலில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார். அச்சடித்த தாளில் 'துயருறும் குடும்பத்தினர்' என்பதற்குக் கீழே தம்பி, தம்பி மனைவி என்று இரண்டே வரி. டீச்சர் நாற்பது பேரோடு வந்தாள். வாசலில் இருந்தவர்கள் கடைசி பெஞ்சைக் காட்டினார்கள். அவள் தாளை வாசித்தாள், நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். உட்காரவில்லை. அவளோடு வந்தவர்களும் உட்காரவில்லை. பின்சுவர் ஓரமாக நாற்பது பேரும் நின்றார்கள்.

போதகர் அக்காவின் கைவேலையைப் பாராட்டினார். ஏழைகளுக்கு இலவசமாகப் பல் கட்டிக்கொடுத்ததைச் சொன்னார். "நம் சகோதரி திருமணம் செய்துகொள்ளாமல், தனியாகவே வாழ்ந்து..."

"தனியா இல்ல."

பின்னாலிருந்து வந்தது குரல். காரில் பக்கத்து இருக்கையிலிருந்து கியரை மாற்றச் சொல்லும் அதே சாதாரணக் குரல். ஆலயம் முழுவதற்கும் கேட்டது. முன்வரிசையில் ஒரு கிழவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். போதகர் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டு வேதவசனத்துக்குப் போனார்.

"என்ன திமிரு பாருங்க. வெளிய அனுப்பிரலாமா?" என்று காதருகே கேட்டார் கமிட்டி மூப்பர்.

செயலாளர் திரும்பிப் பார்க்கவில்லை. விரலால் ஒரு சைகை மட்டும் காட்டினார். வாசலில் இருந்த இருவரும் போய் டீச்சருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள். கடைசி ஆமென் வரைக்கும் அப்படியே நின்றார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குழிக்கு இந்தப் பக்கம் சபையார், அந்தப் பக்கம் அவர்கள். இடையில் ஆறடி அகலம்கூட இருக்காது. செயலாளர் பெரிய குடையை விரித்தார். மனைவி வந்து அவருடைய இடப்பக்கம் நின்றாள். அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம், கோபத்திலும் கை அதைச் செய்தது.

நான்கு பேர் வாரைப் பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். பெட்டி அடியைத் தொட்டபோது டீச்சர் குனிந்து பார்க்க ஓர் அடி முன்னால் வந்தாள். வெட்டிப் போட்டிருந்த ஈரமண் சறுக்கியது. ஒரு முழங்கால் சேற்றில் புதைய, கையூன்றி நின்றாள். சபையார் பக்கம் யாரும் அசையவில்லை. மூப்பர் தொண்டையைச் செருமினார்.

மனைவி குடைக்கு வெளியே நடந்தாள். குழியின் தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு, நல்ல செருப்போடு சேற்றை மிதித்துப் போனாள். டீச்சரின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கிவிட்டுத் திரும்பி வரவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டாள். மழை அவள் தலையிலும் முகத்திலும் வழிந்தது.

"இங்க வா," என்றார் செயலாளர், தாழ்ந்த குரலில். ஆறடி தூரம்தான். அவளுக்குக் கேட்டிருக்கும்.

"செயலாளரே, உங்க வீட்டுக்காரம்மா அங்க..." என்று தொடங்கினார் மூப்பர்.

"தெரியும்."

மண் விழத் தொடங்கியது. முதலில் பலகையில் சத்தம் கேட்டது, அப்புறம் மண்மேல் மண் விழுந்ததில் சத்தம் அடங்கியது. போதகர் கடைசி ஜெபத்தை வேகமாகச் சொல்லி முடித்தார். சபையார் ஒருவர் பின் ஒருவராக வண்டிகளைப் பார்த்துப் போனார்கள்.

செயலாளர் நின்றார். அவருடைய வலத் தோளில் விழுந்த மழை கோட்டை நனைத்து, கை வழியாக இறங்கி, விரல் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. குடை இன்னும் இடப்பக்கமே சாய்ந்திருந்தது. அதற்குக் கீழே, ஆள் இல்லாத அந்த இடத்தில், ஒரு ஜோடி கால் அளவு மண்ணில் மட்டும் மழை விழவில்லை.