மலைக்கு இரண்டு பேர்

தனி ஆளை மலைக்கு ஏற்றுவதில்லை என்று அன்வர் பாஷா சொன்னபோது, அது கூலியைக் கூட்டிக் கேட்கும் தந்திரம் என்றுதான் அய்யாதுரை முதலில் நினைத்தார். நாற்பத்திரண்டு வருடம் ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர். எதிரில் நிற்பவர் ஒரு பேச்சைத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை முன்கூட்டியே பார்த்துப் பழகியவர்.

"சரி பாய், மேல என்ன வேணும்? அதைச் சொல்லும்" என்றார்.

"துட்டு மேட்டர் இல்ல சார்." அன்வர் பாஷா முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். எழுந்திருக்கவில்லை. "வண்டி ஓகே. பேட்டரி படுத்துட்டுது, மாத்திக்கலாம். பிரேக் பேடு ஒரு தபா பாத்துடணும், எறக்கத்துல அதான் உசுரு. நான் கேக்கறது ஆளு. உங்க கூட இன்னொருத்தர் வரணும்."

சனிக்கிழமை காலை. அபிராமபுரத்தில் அய்யாதுரை குடியிருக்கும் அடுக்கு வீட்டின் தரைத்தளம். ஒன்றரை வருடமாக உறை போட்டு நின்றிருந்த கார். கண் அறுவைக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. மனைவி ஜெயபாரதி போன பிறகு எங்கும் போக வேண்டியிருக்கவும் இல்லை. சொந்தக் காரை ஓட்டிப்போக நாள் கூலிக்கு வருகிறவரைச் சென்னையில் ஆக்டிங் டிரைவர் என்பார்கள். அப்படி இதற்கு முன்னே இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் மலை என்றதும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். இன்னொருவர் காரைப் பார்த்ததைவிடத் தன் செல்போனைப் பார்த்த நேரம் அதிகம். மலை ரோட்டில் கை பழகியவர் என்று எல்லாரும் சொன்னது அன்வர் பாஷாவைத்தான்.

"ஏன், நான் ஒருத்தன் வந்தா வண்டி ஏறாதா?"

"ஏறும் சார். போன வருஷம் ஒருத்தரு வந்தாரு. உங்க வயசுதான், நல்லா டிப்டாப்பா. ஏழாவது வளைவுல, 'பாய், கொஞ்சம் ஓரம் கட்டு'ன்னாரு. கட்டினேன். அவ்ளோதான். ஆஸ்பத்திரில, 'நீ இன்னா ஒறவு?'ன்றான். டிரைவர்னேன். டிரைவர் கையெழுத்து செல்லாதாம், சொந்தக்காரங்களக் கூப்டுன்றான். அவரு போனு லாக்கு. யாரக் கூப்டுவேன்? ரெண்டு நாள் சார்... பிணவறை வாசல்ல ரெண்டு நாள் குந்திக்கினு இருந்தேன். ஊருக்கு வந்து எங்க வூட்ல அஸ்மத்துன்னிசா கையில அடிச்சு சத்தியம் பண்ணேன். தனி ஆளு வேணாம்னு."

அய்யாதுரை பேரத்தை அத்தோடு விட்டார்.

"புதன்கிழமை விடிகாலை கெளம்பணும். அதுக்குள்ள ஒரு ஆள் பிடிக்க மாட்டேனா?" என்றார்.

போக வேண்டிய இடம் கோத்தகிரி. வியாழன் காலை ஏழரை மணிக்கு அவருடைய ஒரே மகள் ஷண்முகப்ரியா அங்கே கட்டியிருக்கும் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. ஆறு வருடத்துக்கு முன் அவள் மகேஷ் என்ற பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். ஜெயபாரதி மட்டும் போய் அட்சதை போட்டுவிட்டு வந்தாள். அய்யாதுரை அன்றைக்கும் வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தார். தாய் இறந்தபோது மகள் வந்தாள், மூன்றாம் நாள் போனாள். தகப்பனும் மகளும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது வாட்ஸப்பில் ஒரு அழைப்பிதழ் வந்திருந்தது. படம் மட்டும். அதற்குக் கீழே ஒரு சொல் இல்லை.

அவரும் பதில் எழுதவில்லை. நேரில் போய் நிற்பதே பதில் என்று முடிவு செய்தார். ரயிலில் காத்திருப்போர் பட்டியல் நூற்றுப் பன்னிரண்டு. வாடகைக் காரில் போய் விருந்தாளி மாதிரி இறங்க மனசு ஒப்பவில்லை. பிறந்த வீட்டுச் சீர் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். ஒரு ஜோடி குத்துவிளக்கு, வெண்கலப் பானை, இரண்டு எவர்சில்வர் அண்டா. எல்லாம் துடைத்து, பழைய போர்வையில் சுற்றிக் கூடத்தில் வைத்தாயிற்று. இல்லாதது ஒரு ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் கூட நடக்கிற நான்கு பேரிடம் சொல்லிப் பார்த்தார். நான்கு பேருடைய சர்க்கரை அளவும் அவருக்குத் தெரியும், ஒருவருடைய வீடும் தெரியாது. "கோத்தகிரியா! இப்ப செம குளிரா இருக்குமே" என்று ஒருவர் சொன்னார். குளிரைப் பற்றி ஒரு சுற்று பேசினார்கள். அடுத்த சுற்றில் பேச்சு முழங்கால் வலிக்குப் போய்விட்டது.

மதியம் தம்பி மகன் அஸ்வினுக்குப் போன் போட்டார். அடையாறில் இருக்கிறான், சாஃப்ட்வேர் கம்பெனி வேலை.

"பெரியப்பா, சூப்பர்! ப்ரியா அக்கா வீட்டுக்கா? நீங்களா போறீங்க?" என்று அவன் நிஜமாகவே சந்தோஷப்பட்டான். "நானே வந்துருப்பேன். புதன்கிழமை ரிலீஸ் இருக்கு பெரியப்பா, அன்னைக்கு நான் லீவு போட்டா என்னையே ரிலீஸ் பண்ணிருவாங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க, லைவ் லொகேஷன் போட்டு விடுங்க. நான் இங்கேருந்து பார்த்துட்டே இருக்கேன்."

"நீ பார்த்துட்டு இருந்தா அந்த பாய் ஒத்துக்க மாட்டான்ல" என்றார் அய்யாதுரை. அவனுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை ஆட்டோ பிடித்துப் பெசன்ட் நகர் போனார். கடையில் முப்பது வருடம் வேலை பார்த்த மண்ணாங்கட்டி அங்கே ஒரு குடியிருப்பில் காவலாளி. நீலச் சட்டை, தோளில் பட்டை, தலையில் தொப்பி. முதலாளியைப் பார்த்ததும் தொப்பி கைக்கு வந்துவிட்டது.

"மொதலாளி! இன்னா இவ்ளோ தூரம்? சொல்லி அனுப்பினா நான் வரமாட்டேனா? குந்துங்க, குந்துங்க." தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான்.

அய்யாதுரை உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மண்ணாங்கட்டி கேட்டை ஒரு காருக்குத் திறந்து மூடிவிட்டு வந்து யோசித்தான்.

"லீவு கேட்டா மாத்து ஆளு வுட்டுட்டுப் போன்னுவான் சூப்பர்வைசரு. அத்தக்கூட பாத்துக்கலாம்..." என்று இழுத்தான்.

"அப்புறம் என்னல?"

"தப்பா எடுத்துக்காதீங்க மொதலாளி. முப்பது வருசம் உங்களாண்ட இருந்தேன். நீங்க மேல மேசைல சாப்டுவீங்க, நான் கீழ குடோன்ல சாப்டுவேன். நல்லா வெச்சுக்கினீங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா பத்து மணி நேரம் ஒரே வண்டியில... நான் இன்னா பேசுவேன்? நீங்கதான் இன்னா பேசுவீங்க?" சொல்லிவிட்டுச் சிரித்தான். "அண்டாவுக்கு ஆர்டர் போட்ருக்கான், எறக்கிடுன்னு சொல்லுவீங்க. அதுக்கு மேல?"

அய்யாதுரையும் சிரித்தார். டீ வரவழைத்துக் கொடுத்தான், குடித்தார். கிளம்பும்போது ஆட்டோவை மண்ணாங்கட்டியே நிறுத்தி, பேரம் பேசி, ஏற்றிவிட்டான். ஆட்டோ திரும்புகிற வரைக்கும் தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அன்வர் பாஷா போன் செய்தார்.

"சார், பேட்டரி போட்டாச்சு, பிரேக்கும் பாத்தாச்சு. நாளைக்கு அஞ்சேகாலுக்கு வந்துடறேன். ஆளு ரெடியா?"

"ரெடி" என்றார் அய்யாதுரை.

"யாரு சார் வர்றது?"

பொய்யை அவர் முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, நாற்பது வருடமாகச் சொல்லிப் பழகிய வார்த்தையே வாயில் வந்தது.

"என் சம்சாரம் வாரா."

"அப்பிடிப் போடுங்க! அம்மாவே வர்றாங்களா? இத்த மொதல்லயே சொல்லலாம்ல?" என்றார் அன்வர் பாஷா.

போனை வைத்தபின் அய்யாதுரை வெகுநேரம் கூடத்தில் நின்றார். விடிகாலையில் என்ன செய்வது? வண்டி கிளம்பினால் போதும், பாதி வழியில் யார் திருப்புவார்கள்? உடம்பு சரியில்லை, அவள் வரவில்லை என்று சொன்னால் ஆயிற்று. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை ஐந்தேகாலுக்கு அன்வர் பாஷா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை. அண்டாக்களையும் பானையையும் டிக்கியில் அசையாமல் வைத்து, இடுக்கில் போர்வையைச் செருகினார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன தலையணையை எடுத்துப் பின் சீட்டில் போட்டார். நான்கு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் பிளாஸ்டிக் கவரும் எடுத்துச் சீட்டின் பையில் வைத்தார்.

"எங்க வூட்ல குடுத்து அனுப்பிச்சுது. வளைவு ஏறசொல்லோ லேடீஸுக்குப் பொரட்டும்ல? மோந்துக்கினா நிக்கும்." நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தார். "அம்மா எறங்கிட்டாங்களா?"

உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் அய்யாதுரை வாயைத் திறந்தார். அந்தத் தலையணைக்குப் பூப்போட்ட உறை. அன்றைக்குத்தான் துவைத்துப் போட்டது போல மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அவ இல்ல பாய்" என்றார். "போயி ஒன்றரை வருஷமாச்சு."

அன்வர் பாஷா அவரையே பார்த்தார். பிறகு கார்க் கதவை மெல்லச் சாத்தினார்.

"இன்னா சார் இது? செத்துப்போனவங்களச் சொல்லியா என்னைக் கெளப்புவீங்க? நான் வாய்விட்டு எல்லாத்தையும் சொன்னேனே உங்களாண்ட."

"கேட்டேன் பாய். நாலு நாளா எல்லாரையும் கேட்டேன். யாரும் இல்ல."

எதிர் வீட்டில் பால் பை தொப்பென்று விழுந்தது. அன்வர் பாஷா சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே தெருவைப் பார்த்தார்.

"சரி. கூட யாரும் வர வேணாம். எதுனா ஒண்ணுன்னா நான் யாருக்குப் போன் பண்ணணும்? ஒரே ஒரு ஆளு. இப்ப, என் எதிர்ல போடுங்க. எடுத்தாங்கன்னா வண்டியை எடுக்கறேன். எடுக்கலன்னா சாவிய வாங்கிக்கங்க, நான் வூட்டுக்குப் போறேன்."

அய்யாதுரை போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஈயம் பூசுகிறவர், லாரி ஆபீஸ், கும்பகோணம் வியாபாரி, ஆடிட்டர். பாதிப் பேர் இப்போது இல்லை. அஸ்வின் ஒன்பது மணிக்கு முன் எடுக்க மாட்டான். ப்ரியா என்ற பெயரில் விரல் நின்றது. ஆறு வருடத்தில் ஒருமுறைகூடத் தொடாத எண். எடுக்காவிட்டால் பயணம் கெடுவதோடு முடியாது. அவள் எடுக்கவில்லை என்பதும் தெரிந்துபோய்விடும்.

அழுத்தினார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நின்றுபோனது.

அன்வர் பாஷா பின் கதவைத் திறந்து தலையணையை எடுத்தார். பைக்குள் அதை மடக்கி வைக்கும்போது போன் அலறியது.

அய்யாதுரை காதில் வைத்தார்.

"யாரு? யாரு பேசறது?" மகளின் குரல் மூச்சு வாங்கிற்று. "சொல்லுங்க சார், அப்பாவுக்கு என்னாச்சு? நீங்க யாரு?"

அப்பாவின் போனிலிருந்து இந்த நேரத்தில் யாரோ வேற்றாள்தான் கூப்பிட முடியும் என்று அவள் நினைத்திருக்கிறாள். அது அவருக்குப் புரிய இரண்டு விநாடி ஆயிற்று.

"நான்தாம்மா" என்றார்.

போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஒண்ணும் ஆகல. கார்ல... அங்கதான் கெளம்பறேன்."

"கூட யாரு?"

"டிரைவர்."

"அவர்கிட்ட குடுங்க."

அன்வர் பாஷா போனை வாங்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார். "ஆமா மேடம்... தனியாத்தான்... இல்ல மேடம், குன்னூர் வழி இல்ல, மேட்டுப்பாளையத்துலேருந்து நேரா கோத்தகிரி ரோடு, தெரியும்... சரி, இருட்டறதுக்குள்ள ஏறிடுவேன்." போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "பிரஷர் மாத்திரை போட்டீங்களான்றாங்க."

"போட்டாச்சுன்னு சொல்லுங்க."

"போட்டாராம் மேடம்... எழுதிக்கறேன், சொல்லுங்க." உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எண்ணை எழுதினார். மூன்று நிமிடம் பேசியிருப்பார். அந்த மூன்று நிமிடமும் அய்யாதுரை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தன் போன் எப்போது தன்னிடம் வரும் என்று பார்த்தபடி நின்றார். வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது.

"ஏறுங்க சார். முன்னால ஏறுங்க."

"என்கிட்ட பேசணும்னு கேக்கலியா?"

"நான் கேட்டேன், அப்பாவாண்ட தரவான்னு."

"என்ன சொன்னா?"

"'வேணாம், வரட்டும்'னாங்க."

கார் கோட்டூர்புரம் பாலத்தில் ஏறி இறங்கியது. ஆற்றின் மேல் இன்னும் வெளிச்சம் வரவில்லை. கிண்டி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு அய்யாதுரை கேட்டார்:

"பாய், எப்படிச் சொன்னா?"

"எத்த சார்?"

"வரட்டும்னு சொன்னாள்ல. கோவமாவா?"

அன்வர் பாஷா நேர்மையாக யோசித்தார். "தெரியல சார். அவங்க கொரல எனக்கு இன்னிக்கித்தான தெரியும்? நீங்க கேட்ருந்தா சொல்லியிருப்பீங்க." ஒரு லாரிக்கு வழிவிட்டார். "பேசிக்கினு வாங்க. நீங்க தூங்கினா எனக்கும் இழுக்கும்."

"என்னத்தப் பேச?"

"பொண்ணப் பத்திச் சொல்லுங்க."

அய்யாதுரை நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் பிறந்ததிலிருந்து வரிசையாகத் தொடங்கினார். இரண்டு வயதில் கடைக்கு வந்து கரண்டிகளை ஒன்றோடொன்று தட்டியது, பள்ளிக்கூடத்தில் கையை ஒடித்துக்கொண்டது, கணக்கில் நூற்றுக்கு நூறு, கல்லூரியில் சேர்ந்த நாள், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிய புடவை. ஒன்றையும் விடவில்லை. அன்வர் பாஷா இடையிடையே "ம்" கொட்டிக்கொண்டு வந்தார். இருந்தும் தாம்பரம் வருவதற்குள் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று.

"அப்புறம் சார்?" என்றார் அன்வர் பாஷா.